யார் கையால் முழம்?

போன ஆவணியில் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தபோது, தரகர் ஒருவர் எங்களைச் சென்னையின் பறக்கும் ரயில் நிலையம் ஒன்றின் பக்கத்துத் தெருவுக்கு அழைத்துப் போனார். நிலையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தரகர் நல்ல மனிதர், அவர் பிழைப்பில் மண் விழ வேண்டாம். "ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிட நடை, சார்" என்றார். மொட்டை மாடியில் ஏறி நின்றேன். எதிரே நிலையம் கப்பல் போல நின்றது. நடைமேடையில் காத்திருப்பவரின் சட்டை நிறம்கூடத் தெரிந்தது. முன்பணம் கொடுக்கும் யோசனையே வந்துவிட்டது.

மனைவிதான் "ஒருமுறை நடந்து பார்த்துவிடலாம்" என்றாள். கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டு நடந்தோம். வீடு பக்கிங்காம் கால்வாய்க்கு இந்தப் பக்கம், நிலையத்தின் படிக்கட்டு அந்தப் பக்கம். தெருமுனைக்குப் போய், நெடுஞ்சுவர் ஒன்றை ஒட்டித் திரும்பி, பாலத்துக்கு வந்தோம். பாலத்தின் நடைபாதையில் மின்பெட்டி ஒன்று குறுக்கே நின்றதால் சாலையில் இறங்கி, தண்ணீர் லாரிக்கு ஒதுங்கி, மறுபடி ஏறினோம். பிறகு மறுகரையில், வந்த திசைக்கு எதிராகப் பாதி தூரம் திரும்பி நடந்தோம். படிக்கட்டின் அடியை அடைய 16 நிமிடம், அங்கிருந்து நடைமேடைக்கு ஏற இன்னும் 3. பறக்கும் ரயில் என்று பெயர் வைத்தவர்கள், பயணியும் பறந்தே வந்து சேருவான் என்று நினைத்தார்களோ என்னவோ.

"அவர் தன் கையால் முழம் போட்டிருக்கிறார்" என்றாள் மனைவி. பூக்காரரிடம் முழம் வாங்குகிறவர்களுக்கு இது புரியும். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஒரு முழம், சரி. யாருடைய கை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த வீட்டை எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு என்னை விடவில்லை, ஏனென்றால் நான் வரைபடம் வரைந்து பிழைப்பவன். ரயில் நிலையங்களைச் சுற்றி ஊர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அட்டவணை போட்டுத் தரச் சொல்லி என் மேசைக்கு வேலை வருவதுண்டு. தரகர் செய்ததைத்தான் நானும் பல வருடங்களாகச் செய்துவந்திருக்கிறேன், கொஞ்சம் அழகான வண்ணங்களில்.

எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் டிஓடி. போக்குவரத்து சார்ந்த மேம்பாடு என்று அரசு ஆவணங்கள் எழுதும். நிலையத்தைச் சுற்றி நடக்கும் தூரத்துக்குள் வீடுகள், கடைகள், அலுவலகங்கள் நெருக்கமாக இருந்தால் மக்கள் வண்டியை எடுக்காமல் ரயிலேறுவார்கள் என்பதுதான் எண்ணம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பீட்டர் கால்தார்ப் 1990-களின் தொடக்கத்தில் இந்தப் பெயரைப் பரப்பினார். இந்திய அரசு 2017-ல் தேசியக் கொள்கையே வெளியிட்டது. நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீட்டர் வரை அதன் தாக்கப் பகுதி என்று அந்தக் கொள்கை சொல்கிறது. 800 மீட்டர் என்பது சாதாரண நடையில் பத்து நிமிடம்.

கொள்கையில் இருப்பது நடை. ஆனால் வரைபடத்தில் நாங்கள் போடுவது வட்டம். நிலையத்தின் நடுவில் புள்ளி வைத்து, 800 மீட்டர் ஆரத்துக்குக் கணினியில் ஒரு தட்டுத் தட்டினால் ஏறக்குறைய 2 சதுர கிலோமீட்டர் கிடைத்துவிடும். அதற்குள் எத்தனை கட்டடம், எத்தனை சதுர அடி, எத்தனை புதிய அனுமதி என்று எண்ணிவிட்டால் அறிக்கை தயார். அந்த வட்டத்துக்குள் நடக்கத்தான் முடியாது. சதுரங்கப் பலகை மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஒழுங்காகத் தெரு இருக்கிற ஊரில்கூட, மூலைவிட்டமாகச் சுவரைத் துளைத்துப் போக முடியாது என்பதால், 800 மீட்டர் நடையில் எட்டக்கூடிய பரப்பு 1.28 சதுர கிலோமீட்டர்தான். குறையே இல்லாத ஊரிலும் வட்டத்தில் 36 சதவீதம் பொய். ஒரு பக்கம் கால்வாய் ஓடி, பாலமும் தொலைவில் இருந்தால் மிச்சத்தில் பாதியும் போய்விடும். அந்தத் தரகர் காட்டிய வீடு என் வட்டங்களில் எப்போதும் உள்ளேதான் இருந்திருக்கிறது.

கால்வாய் ஏன் இப்படி எல்லா இடத்திலும் வந்து நிற்கிறது? பறக்கும் ரயிலை நகரத்துக்குள் நுழைக்க நிலம் வேண்டியிருந்தது. தனியார் நிலத்தை எடுத்தால் பணம் போகும், வழக்கு வரும். பக்கிங்காம் கால்வாய் அரசு நிலம், வடக்கு தெற்காக நீண்டு கிடந்தது. அதன் மேலேயும் ஓரத்திலேயும் தூண்களை நட்டுக்கொண்டே போனார்கள். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், 1997-ல் திருமயிலை, 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி. நிலத்தில் மிச்சம் பிடித்தார்கள். அதன் விலையைப் பயணிகள் இன்றுவரை நடையாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஊரின் முதுகுப்புறம் ஓடுவது கால்வாய். வீடுகள் அதற்கு முகம் காட்டிக் கட்டப்படவில்லை, கடைகள் அதைப் பார்த்துத் திறக்கவில்லை. நிலையங்கள் அந்த முதுகில் போய் உட்கார்ந்தன. உள்ளே வணிகத்துக்கு வாடகை விடலாம் என்று பெரிய பெரிய தளங்களும் கட்டினார்கள். பெரும்பகுதி வெகுகாலம் வெறும் தளமாகவே கிடந்தது.

கால்வாய் மட்டும் அல்ல. கிரீன்வேஸ் சாலை நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் அமைச்சர்களின் பங்களாக்கள், மரங்கள், காவல் கூண்டுகள். நகரத்தின் நடுவில் இவ்வளவு அருமையான நிழலில் ரயில் நிலையம் கிடைப்பது பாக்கியம். ஆனால் அமைச்சர்கள் காலை ரயிலைப் பிடிப்பதாகத் தெரியவில்லை. தரமணியில் வட்டம் போட்டால் உள்ளே விழுவதில் பெரும்பங்கு கல்வி வளாகங்களும் அவற்றின் மதில்களும். பெருங்குடியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நெருங்கி வருகிறது. அது 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம். 'நிலையத்தருகே வளர்ச்சி குறைவு' என்று அட்டவணை அங்கே சிவப்பில் காட்டினால் நான் சந்தோஷப்படுவேன். அங்கே சிவப்புதான் சரியான நிறம். எண்ணுக்கு இது தெரியாது.

இதற்கு எதிர்ப்பக்கம் மாம்பலம் இருக்கிறது. கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-லிருந்து மின்ரயில் ஓடுகிறது. 1920-களில் ஏரியைத் தூர்த்து தியாகராய நகரை வடிவமைத்தபோது டிஓடி என்ற சொல் யார் வாயிலும் இல்லை. நிலையம் தரை மட்டத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஊர் திறந்திருக்கிறது. ரயிலை விட்டு இறங்கியவர் உஸ்மான் சாலைக்குப் போகக் காலால் போட்ட கோடுதான் ரங்கநாதன் தெரு. அந்தக் கோட்டின் இரு கரையிலும் பாத்திரம், துணி, பிளாஸ்டிக் வாளி, கொய்யாக்காய் எல்லாம் தானாக வந்து அடைந்தன. யாரும் ஊக்கத்தொகை கொடுக்கவில்லை, தளப்பரப்பைக் கூட்டித் தரவில்லை. கூட்டம் தாங்காமல் 2023-ல் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை கட்டவேண்டி வந்தது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு அந்தத் தெருவில் நின்றால் வளர்ச்சியை அளக்க வேண்டியதில்லை, மூச்சு விட்டால் போதும் என்று தோன்றும்.

ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த லூகா பெர்டோலினி என்ற ஆய்வாளர் 1990-களில் சொன்ன ஒன்று எனக்குப் பிடிக்கும். ரயில் நிலையம் ஒரே நேரத்தில் ஒரு முடிச்சு, ஒரு இடம். எத்தனை ரயில், எத்தனை பஸ், எத்தனை திசை என்பது முடிச்சுக் கணக்கு. எத்தனை பேர் அங்கே வசிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள், எத்தனை விதமான கடைகள் என்பது இடக் கணக்கு. இரண்டும் சேர்ந்து வளர்ந்தால் நிலையம் சமநிலையில் இருக்கிறது. மாம்பலத்தில் இரண்டுமே உச்சத்தில் இருந்து ஒன்றையொன்று நெரிக்கின்றன. பறக்கும் ரயிலின் பல நிலையங்களில் முடிச்சு மட்டும் இருக்கிறது, இடம் இல்லை. 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் இன்னொரு வகை. மாநிலத்தின் தெற்கிலிருந்து வரும் பேருந்துகளெல்லாம் அங்கே நிற்க, பக்கத்தில் ஓடும் ரயில் பாதையில் அன்று நிலையம் கிடையாது. ஊரை முடிச்சுப் போட்டார்கள், நூலை எங்கேயோ விட்டுவிட்டார்கள்.

வளர்ச்சி இருக்கிற இடத்திலும் அதை ரயிலின் கணக்கில் எழுதலாமா என்பது அடுத்த தலைவலி. திருவான்மியூர் நிலையத்தின் வட்டத்தைப் பத்தாண்டு இடைவெளியில் ஒப்பிட்டால் எண்கள் துள்ளும். கண்ணாடிக் கட்டடங்கள், தங்கும் விடுதிகள், பிரியாணிக் கடைகள். ஆனால் டைடல் பார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறந்தது 2000-ல், ரயில் வந்தது 2004-ல். அது இருக்கும் ராஜீவ் காந்தி சாலையை வளர்த்தது தகவல் தொழில்நுட்பம், மலிவாகக் கிடைத்த நிலம், அரசின் தொழில் கொள்கை. ரயில் அந்த விருந்துக்குப் பிந்தி வந்த விருந்தாளி, வந்து பந்தியில் உட்கார்ந்தது. துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் அந்த ஆண்டுகளில் ரயிலே இல்லை, அங்கேயும் கட்டடங்கள் துள்ளத்தான் செய்தன. ஆகவே நிலையம் உள்ள இடத்தை மட்டும் அளந்தால் ஒன்றும் தெரியாது. அதே தொலைவில், அதே நில விலையில், நிலையம் இல்லாத இடம் ஒன்றையும் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். இதை நான் கூட்டத்தில் சொன்னால் "இன்னொரு இடத்துக்குப் பட்ஜெட் இல்லை" என்பார்கள்.

கட்டட அனுமதிகளை எண்ணுவதும் அப்படித்தான். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் தளப்பரப்புக் குறியீடு. 2019 விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்கு அது 1.5-லிருந்து 2 ஆனது, உயர்மாடிகளுக்கு 2.5-லிருந்து 3.25 ஆனது. நிலையத்தருகே என்று அல்ல, எங்கும். ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடி மனையில், 3,600 சதுர அடி கட்டியவர் இனி 4,800 கட்டலாம். பக்கத்தில் ரயில் ஓடினாலும் மாடு மேய்ந்தாலும் ஒன்றுதான். உயர்மாடிக்கோ அகலமான சாலை வேண்டும். பழைய நிலையங்களைச் சுற்றி இருப்பவை மாட்டுவண்டிக் காலத்துத் தெருக்கள். ஆகவே உயரம் புறவழிச் சாலைக்குப் போகிறது. அதே ஆண்டுகளில் நிலையத்தருகே அனுமதிகள் கூடியிருப்பதாக நான் கோடு வரைந்தால் அது மேலே ஏறத்தான் செய்யும், மாநிலம் முழுவதும் ஏறுகிறது.

சரி, மக்களை எண்ணலாம் என்றால் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011. அதில் வேலைக்கு எதில் போகிறீர்கள், எவ்வளவு தூரம் என்ற கேள்வியும் கேட்கப்பட்டது. 2021-ல் வரவேண்டியது வரவில்லை, அடுத்த எண்ணிக்கை 2027-ல். அதே 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-க்கு விரிந்து, 155 வார்டுகள் 200 ஆயின. பழைய வார்டையும் புதிய வார்டையும் பொருத்துவது, தைத்த சட்டையைப் பிரித்து வேறு அளவில் தைப்பது போன்ற வேலை. பயணிகளை எண்ணலாம் என்றால், மெட்ரோவில் உள்ளது போலப் புறநகர் ரயிலில் அட்டை காட்டித் திறக்கும் கதவு இல்லை. டிக்கெட் எங்கே எடுத்தார் என்று தெரியும், எங்கே இறங்கினார் என்பது டிக்கெட் சொல்வதை நம்பித்தான். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் மாதத்தில் எத்தனை முறை ஏறினார் என்பது முழுக்க ஊகக் கணக்கு.

ஒரே ஒருமுறை நல்ல சோதனை ஒன்று தானாக அமைந்தது. கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்டு முதல் 2024 அக்டோபர் வரை பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது. பதினான்கு மாதம் பாதையின் தலை இல்லை. சுற்றியுள்ள ஊர் உண்மையிலேயே ரயிலோடு பின்னிப் பிணைந்திருந்தால் வலித்திருக்க வேண்டும். வாடகை இறங்க வேண்டும், டீக்கடையில் காலைப் பால் குறைய வேண்டும். என் தரகரிடம் பிறகு கேட்டேன். "வாடகையா? ஏறிக்கொண்டேதானே இருந்தது!" என்றார், நான் ஏதோ கிறுக்குத்தனமாகக் கேட்டதுபோல. ஒரு தரகரின் வாய் ஆய்வறிக்கை ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பாதையை வெட்டியும் அதன் கரையில் இருப்பவருக்கு வலிக்கவில்லை என்றால் அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தோன்றவில்லை.

தாம்பரம் பாதையில் எந்த நிலையத்தில் இறங்கினாலும் பக்கத்துச் சந்தில் வண்டி ஸ்டாண்டு இருக்கும். தகரக் கூரை, சுண்ணாம்புக் கோடு, சீட்டில் நம்பர் எழுதித் தரும் பெரியவர், ஒன்றன் முதுகில் ஒன்று சாய்ந்த நூற்றுக்கணக்கான இருசக்கர வாகனங்கள். ரயில்வேயின் கண்ணுக்கு இது வெற்றி, இத்தனை பேர் ரயிலேற வந்திருக்கிறார்கள். எங்கள் பாடப்புத்தகத்துக்கு இது தோல்வி, நிலையத்தைச் சுற்றி வசிக்காததால்தானே வண்டியில் வருகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டு பேரும் அவசரப்படுகிறார்கள். மேடவாக்கத்திலிருந்து தாம்பரம் வந்து வண்டியைப் போட்டுவிட்டுப் பூங்கா நிலையத்துக்கு ரயிலேறுகிறவர், 25 கிலோமீட்டர் புகையை மிச்சப்படுத்துகிறார். அவரைத் தோல்விக் கணக்கில் எழுதக் கை வரவில்லை. ஆனால் ஐந்து வருடத்தில் ஸ்டாண்டின் வண்டிகள் குறைந்து, அந்த இடத்தில் வீடு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஸ்டாண்டு இரண்டு மாடி ஆகியிருக்கிறது.

எந்த அட்டவணையிலும் வராத கணக்கு இன்னொன்று உண்டு, நானும் பல வருடம் அதைக் கண்டுகொள்ளவில்லை. கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருந்தவர்களில் பலர் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பப்பட்டார்கள். வீட்டுவேலை, சித்தாள் வேலை, மீன் விற்பனை என்று ரயிலும் பஸ்ஸும் இல்லாமல் ஒரு நாள் ஓடாத மக்கள் அவர்கள். அனுப்பிய இடங்களில் ரயில் இல்லை. அவர்கள் இருந்த பக்கங்களில் இன்று அடுக்குமாடிகள் இருக்கின்றன, தரைத்தளம் முழுக்கத் தூண்களும் கார்களும். சதுர அடிக் கணக்கில் அங்கே முன்னேற்றம் பல மடங்கு. ரயிலில் ஏறும் கால்களை எண்ணினால் சாண் ஏறி முழம் சறுக்கியிருக்கிறது. அளவுகோல் கட்டடத்தை மட்டும் பார்த்தால் இப்படித்தான், ஆட்களை மாற்றியதை வளர்ச்சி என்று வாசித்துவிடும்.

நகரப் போக்குவரத்துக்காக உலக அளவில் இயங்கும் ஐடிடிபி அமைப்பு டிஓடிக்கு வைத்திருக்கும் மதிப்பெண் முறை 100-க்குப் போடும். 86 எடுத்தால் தங்கம், 71 வெள்ளி, 56 வெண்கலம். நடைபாதை, தெருவைப் பார்த்த கதவு, கலப்புப் பயன்பாடு, வருமானம் குறைந்தவருக்கான வீடு, வண்டி நிறுத்தத்துக்குக் கொடுத்த நிலம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. இருப்பதில் அது பரவாயில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்து வாசனை அடிக்கிறது. சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. விழுப்புரம், சேலம் என்று ஊர் கடந்து ஓடும் மண்டல விரைவு ரயில் பற்றியும் பேசுகிறார்கள். அந்த நிலையங்களுக்கெல்லாம் யாரோ வட்டம் போடப்போகிறார்கள். என் கைக்கு வந்தால் முதல் வருடமே, முதல் செங்கல்லுக்கு முன்பே, சில சில்லறை வேலைகளைச் செய்வேன். நடைமேடையிலிருந்து நாலு திசைக்கும் பத்து நிமிடம் ஒரு ஆளை நடக்கவிட்டு எங்கே நிற்கிறார் என்று புள்ளி வைப்பேன். கைக்குழந்தையோடு ஒரு பெண்ணையும், கைத்தடியோடு ஒரு தாத்தாவையும் அதே வழியில் அனுப்புவேன். இரவு ஒன்பது மணிக்கு எத்தனை ஷட்டர் திறந்திருக்கிறது என்று எண்ணுவேன், ஏனென்றால் கடை விளக்கு அணைந்த தெருவில் பெண்கள் ரயிலுக்கு நடப்பதில்லை. வருடாவருடம் அதே மாதம், அதே கிழமை.

இந்தப் புத்தி எனக்கு வந்ததற்கு அந்த நிலையத்தின் படிக்கட்டு அடியில் பூ விற்கும் அம்மாவும் ஒரு காரணம். வீடு வேண்டாம் என்று திரும்பிய அன்று மனைவி அவரிடம் மல்லிகை வாங்கினாள். ஏன் இந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அந்தப் பக்கம்தானே பஸ் நிற்கிறது என்று கேட்டேன். தொழில் புத்தி.

"பஸ்ஸில் வருபவர்கள் ஓடுவார்கள் தம்பி. ஓடுபவர்கள் பூ வாங்க மாட்டார்கள். நடந்து வருபவர்கள் இந்தப் பக்கம்தான்" என்றார்.

கால்வாய்க்கு மேல் நடைபாலம் வரப்போவதாகப் பேச்சு இருக்கிறதே, வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன்.

"பாலம் வந்த மறுநாளே கூடையைத் தூக்கிவிடுவேனா? என் மகள் அங்கே அரைக் கூடையோடு உட்காருவாள், நான் இங்கே அரைக் கூடையோடு. ஒரு அமாவாசை, ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தால் தெரிந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டே சரத்தைத் தன் கையில் வைத்து அளந்தார். அவருக்குக் குட்டைக் கை. மனைவி ஒன்றும் சொல்லாமல் தன் கையை நீட்டினாள். அவர் சிரித்துவிட்டு, அந்தக் கையிலேயே மறுபடி அளந்து கொடுத்தார்.